"ஸ்கிசோஃப்ரினியா வந்தா லைஃப் அவ்ளோதான்"னு சொல்ற ஃபார்வர்டு தப்பு

எங்க ஃபேமிலி குரூப்புல ரெண்டு நாளா ஒரு மெசேஜ் சுத்துது, "ஸ்கிசோஃப்ரினியா வந்தவங்க யாருமே தேற மாட்டாங்க, ரெக்கவரி மூவ்மெண்ட்னு சொல்றவங்க மாத்திரைய தூக்கி வீச சொல்ற கும்பல்"னு. ரெண்டுமே தப்பு. ஸ்கிசோஃப்ரினியான்னா இல்லாத குரல் கேக்கற மாதிரி, நடக்காதத நம்பற மாதிரி ஆகற ஒரு மனநோய்; ரெக்கவரி மூவ்மெண்ட்னா மனநோய் வந்தவங்களும் நல்லா வாழ முடியும்னு சொல்ற இயக்கம்.

அமெரிக்காவுல வெர்மான்ட் அரசு மனநல ஆஸ்பத்திரில வருஷக்கணக்கா கிடந்த, இனி தேறாதுன்னு ஒதுக்கி வெச்ச 269 பேர, மருந்தோட சேர்த்து தங்க இடம், வேலைன்னு ஏற்பாடு பண்ணி 1950கள்ல வெளிய அனுப்பினாங்க. கோர்ட்னி ஹார்டிங்ன்ற ஆராய்ச்சியாளரோட டீம் அவங்கள தேடிப்பிடிச்சு பாத்து 1987ல ரிசல்ட் போட்டாங்க, முதல்முறை ஆஸ்பத்திரில சேந்து சராசரியா 32 வருஷம் கழிச்சு பாதிலேர்ந்து மூணுல ரெண்டு பங்கு பேர் நல்லா முன்னேறியோ முழுசா தேறியோ இருந்தாங்க. எல்லாரும் இல்ல, அதையும் சொல்லிடறேன்.

பாட்ரிசியா டீகன்னு ஒருத்தங்க, 17 வயசுல அவங்களுக்கு இதே நோய்னு டாக்டர்ங்க சொன்னாங்க, நாள் முழுக்க சேர்ல உக்காந்து சிகரெட் பிடிச்சுட்டே இருப்பாங்களாம். பாட்டி தினமும் வந்து "கடைக்கு வர்றியா"ன்னு கேப்பாங்க, இவங்க மாட்டேன்னுவாங்க, ஒருநாள் சரி வர்றேன், ஆனா கடைல சாமான் போடற வண்டிய மட்டும்தான் தள்ளுவேன்னாங்க. அந்த வண்டிலதான் ஆரம்பம். பின்னாடி க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆனாங்க, இந்த மூவ்மெண்ட்டோட முக்கியமான குரல்கள்ல இவங்களும் ஒருத்தர்.

இங்க ரெக்கவரின்னா நோய் சுத்தமா போயிடறதுன்னு இல்ல. நோய் கொஞ்சம் இருந்தாலும் நம்ம வாழ்க்கைய நாம வாழறது, ட்ரீட்மெண்ட் முடிவுல நமக்கும் பேச்சு இருக்கறது. மாத்திரைய தூக்கி வீசறது இல்ல. மாத்திரைய திடீர்னு நிறுத்தினா நோய் திரும்ப வர சான்ஸ் அதிகம், டாக்டர்ட்ட பேசாம நிறுத்தாதீங்க.