பிரவுன் கலர் கேட்டது குற்றமா?

ஸ்கிராட்ச் சொல்லிக்கொடுக்கிறவர்களின் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அங்கே நான் எடுத்துக் காட்டிய பழைய பாட அட்டையின் போட்டோ மூன்று வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டுக் கடைசியில் என் மச்சான் மூலமாக எனக்கே வந்து சேர்ந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போட்டோவுக்குக் கீழே "தாத்தா தீம்" என்று எழுதி நான்கு சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார்கள். எனக்கு வயது 51. பேரன் இன்னும் பிறக்கவில்லை.

அங்கே இருந்தவர்களுக்கு நான் என்ன கேட்டேன் என்று தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போட்டோவோடு அது சுற்றவில்லை. ஸ்கிராட்ச் என்பது பிள்ளைகள் நிறநிறமான பிளாக்குகளை அடுக்கிப் புரோகிராம் செய்கிற எடிட்டர். அதில் பழைய 2.0 பதிப்பின் நிறங்களையும் ஒரு தீமாக, அதாவது தேர்ந்தெடுத்துக்கொள்ளும் நிறத் தொகுப்பாக, வைக்கச் சொல்லி நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு வேண்டுகோள் அனுப்பலாமா என்று கேட்டேன். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாதவர்கள் இப்போது இருப்பதிலேயே இருக்கட்டும். இவ்வளவுதான் கேட்டது. புதியதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. கூடவே அதுவும் இருக்கட்டும் என்றேன். "கூடவே" என்ற சொல்லை அன்றைக்கு மூன்று தடவை சொன்னேன். ஒருவர் காதிலும் விழவில்லை.

2.0 வெளிவந்தது 2013 மே மாதம். நான் மாடியில் சனி, ஞாயிறு வகுப்பு ஆரம்பித்தது அதே வருஷம் ஆடி முடிந்த கையோடு. இரண்டு பழைய கம்ப்யூட்டர், பதினொரு பிள்ளைகள். அதில் ஏழு பேருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். "வென் கிரீன் ஃப்ளாக் கிளிக்டு" என்று ஒரு பிளாக்கில் இருப்பதை அவர்கள் வாசித்து முடிப்பதற்குள் திரையில் ஓட வேண்டிய பூனை தூங்கிவிடும். முதல் வாரமே அதுகளாக ஒரு பாஷை கண்டுபிடித்துவிட்டன. வளைந்த தலையோடு இருக்கும் பிளாக்குக்குப் பெயர் தொப்பி. மற்ற பிளாக்குகளை உள்ளே வாங்கிக்கொள்கிற பிளாக்குக்குப் பெயர் வாய். மிச்சமெல்லாம் நிறம்தான். ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தது இன்னும் காதில் இருக்கிறது: "பிரவுன் தொப்பி, அதுக்குக் கீழ தங்க வாய், வாய்க்குள்ள நீலம் ஒண்ணு. பூனை ஓடும் சார்." பச்சைக் கொடியை அழுத்தினால், எப்போதும், பத்து அடி நகரு. முழு புரோகிராம். அதில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை உண்டென்றால் அது பிரவுன் மட்டும்தான்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம் வீட்டில் பால் வாங்குவதும் இப்படித்தானே. கடையில் போய் நிலைப்படுத்தப்பட்ட பால் அரை லிட்டர் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? பச்சை பாக்கெட், நீல பாக்கெட், ஆரஞ்சு பாக்கெட். நிறம் அங்கே பெயர். ஆவின் நாளைக்குக் காலையில் பச்சையையும் நீலத்தையும் இடம் மாற்றிவிட்டு "மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் நம் தெருவில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அட்டை பார்த்துச் சிரித்தவர்களின் அம்மாதான் முதல் ஆளாகக் கடை வாசலில் நிற்பார்.

2019 ஜனவரி 2ஆம் தேதி 3.0 வந்தது. ஏன் வந்தது என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம், தெரியும். 2.0 முழுக்க பிளாஷ் என்கிற அடோபி மென்பொருளில் ஓடியது. 2020 கடைசியோடு பிளாஷை நிறுத்தப்போகிறோம் என்று அடோபி 2017லேயே சொல்லிவிட்டது. எடிட்டரைப் புதிதாக எழுதியே ஆக வேண்டும். பிளாக் எடிட்டர் செய்வதற்கென்றே கூகுள் எழுதிய பிளாக்லியை அடிப்படையாக வைத்து எழுதினார்கள். டேப்லெட்டில் விரல் வைக்க வசதியாக பிளாக்குகளைப் பெரிதாக்கினார்கள். எல்லாம் நியாயம், கும்பிடு போட்டு ஏற்றுக்கொள்கிறேன். பிரவுன் என்ன பாவம் செய்தது? பிளாஷ் செத்தால் பிரவுனும் உடன்கட்டை ஏற வேண்டுமா?

பிளாக்குகள் வகைவகையாக இருக்கும், வகைக்கொரு நிறம். பிரவுனாக இருந்த ஈவன்ட்ஸ், அதாவது புரோகிராமைத் தொடங்கிவைக்கும் தொப்பிகளின் வகை, மஞ்சளாகிவிட்டது. தங்க நிறத்தில் இருந்த கன்ட்ரோல் அதற்குப் பக்கத்து ஆரஞ்சு. வேரியபிள்ஸ் இன்னொரு ஆரஞ்சு. லிஸ்ட் கொஞ்சம் சிவந்த ஆரஞ்சு. ஒரே வீட்டு நான்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. பெரிய ஊர்களில், ஏசி போட்ட, திரை போட்ட அறையில் நல்ல மானிட்டரில் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். எங்கள் மாடியில் மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல் வெயிலில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய புரொஜெக்டரில் நான்கும் ஒன்றுதான். 3.0 போட்ட முதல் சனிக்கிழமை "மஞ்சத் தொப்பிய எடுங்க, அதுக்குக் கீழ மஞ்ச வாய்" என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "எந்த மஞ்ச சார்?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கண்ணுக்குத் தோன்றுவதை வைத்துப் பேசுகிறேன் என்பார்கள், அதனால் கணக்கும் போட்டேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது எவ்வளவு வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறை ஒன்று இருக்கிறது. சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1. பெரிய எழுத்துக்கு 3க்கு 1. 3.0இன் ஈவன்ட்ஸ் மஞ்சள் மேல் வெள்ளை எழுத்துக்குக் கிடைப்பது 1.65. பழைய பிரவுனுக்கு 3.1. பிரவுன் பர்ஸ்ட் கிளாஸ் என்று நான் சொல்ல மாட்டேன், பார்டரில் முட்டி மோதுகிறது. மஞ்சள் பரீட்சை ஹாலுக்கே வரவில்லை.

"அதற்குத்தான் ஹை கான்ட்ராஸ்ட் மோடு வந்துவிட்டதே" என்று அங்கேயே ஒருவர் சொன்னார். வந்திருக்கிறது, நல்ல விஷயம், கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரிகிறது. நான் சொல்வதும் அதுதானே! செட்டிங்ஸ் மெனுவில் கலர் மோடு என்று ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. கதவு வைத்தாகிவிட்டது, வழியும் திறந்திருக்கிறது, இன்னொரு ஆள் உள்ளே வந்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு வகைக்கு மூன்று சாயல், பத்துப் பதினோரு வகை. முப்பத்துச் சொச்சம் நிறங்கள் கொண்ட ஒரு பட்டியல். புராஜெக்ட் கோப்பில் நிறம் என்பதே கிடையாது, எந்த பிளாக் என்ற பெயர் மட்டும்தான் சேமிக்கப்படுகிறது. 2015இல் ஒரு பிள்ளை செய்த கோப்பை இன்று திறந்தால் அது தானாக மஞ்சள் பூசிக்கொண்டு வருவது அதனால்தான். நான் பிரவுனில் பார்ப்பதை நீங்கள் மஞ்சளில் பார்க்கலாம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

அடுத்து, பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளுங்கள் என்கிற கோஷ்டி. ஸ்கிராட்ச் ஆடான்ஸ் என்கிற அந்த எக்ஸ்டென்ஷன் எனக்கும் தெரியும் தம்பிகளா. என் லேப்டாப்பில் அதைப் போட்டு 2.0 நிறம்தான் வைத்திருக்கிறேன். டர்போவார்ப் என்று தனி எடிட்டர் இருப்பதும் தெரியும். பள்ளிக்கூட லேபில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டுமென்றால் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஹெட்மாஸ்டர் லேப் சாரைக் காட்டுவார், லேப் சார் டிரான்ஸ்பரில் போனவரைக் காட்டுவார். வீட்டில் அப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் குரோமில் பார்க்கிற பிள்ளைக்கு எக்ஸ்டென்ஷனே கிடையாது. வசதி உள்ளவனுக்கு மட்டும் தெரிவு என்றால் அதற்குப் பெயர் தெரிவு இல்லை.

ஒரு எதிர்வாதம் மட்டும் என்னைக் கொஞ்சம் உட்கார வைத்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு டீச்சர் அமைதியாகக் கேட்டார்: "சார், கலர் பிளைண்ட் பிள்ளைகளுக்கு பிரவுனும் பச்சையும் குழம்புமே?" குழம்பும். 2016இல் என்னிடம் ஒரு பையன் வந்தான். பிரவுன் எடு என்றால் பச்சையாக இருக்கிற ஆபரேட்டர்ஸ் பக்கம் போய் நின்றுவிடுவான். சேட்டை செய்கிறான் என்று நினைத்து இரண்டு வாரம் திட்டியிருக்கிறேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவனுக்கு அந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம். அந்தப் பையனுக்கு மஞ்சள்தான் நல்லது. சரி, அவனுக்கு மஞ்சளைக் கொடுங்கள், கண் மங்கினவனுக்கு ஹை கான்ட்ராஸ்டைக் கொடுங்கள், என் மேற்கு ஜன்னல் பிள்ளைகளுக்கு பிரவுனைக் கொடுங்கள். இது என் கட்சிக்கு எதிரான வாதம் என்று நினைத்துத்தான் அந்த டீச்சர் கேட்டார். எனக்கென்னவோ இது எனக்கே சாதகமாகத்தான் தெரிகிறது.

"பல தீம் இருந்தால் புத்தகத்தில் ஒரு நிறம், திரையில் ஒரு நிறம் என்று குழப்பம் வரும்." இதை ஒருவர் முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னார். அய்யா, 2019இலிருந்து நான் அனுபவிப்பது அதைத்தானே!

"2.0க்கு முந்தைய 1.4இல் பிரவுனே கிடையாதே, அப்போது பச்சைக் கொடி கன்ட்ரோலில்தானே இருந்தது?" ஆமாம், இருந்தது. ஈவன்ட்ஸ் தனி வகையானதே 2.0இல்தான். அப்படியானால் 1.4 தீமையும் கொடுங்கள், வேண்டாம் என்றா சொன்னேன்? பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற ஸ்னாப் என்கிற இதே மாதிரி எடிட்டர் இன்றைக்கும் கிட்டத்தட்ட அந்தப் பழைய 1.4 முகத்தோடுதான் இருக்கிறது. அதை யாரும் தாத்தா என்று கூப்பிடுவதில்லை. கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் இல்லையா, அதனால் மரியாதை.

ஸ்கிராட்சை உருவாக்கியது எம்.ஐ.டி. (நம் குரோம்பேட்டை அல்ல, அமெரிக்காவில் இருப்பது.) அங்கே ஸ்கிராட்ச் குழுவை நடத்திய பேராசிரியர் மிட்செல் ரெஸ்னிக் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: குழந்தைகளுக்கான கருவிக்குத் தரை தாழ்வாக இருக்க வேண்டும், கூரை உயரமாக இருக்க வேண்டும், சுவர்கள் அகலமாக இருக்க வேண்டும். யாரும் எளிதில் நுழையலாம், எவ்வளவு உயரமும் போகலாம், எந்தப் பக்கமும் போகலாம். எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு, வகுப்புச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறேன். ஆனால் சுவருக்கு என்ன பெயின்ட் என்பதை மட்டும் வீட்டுக்காரரே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை.

கோடு வரைகிற பென் பிளாக்குகளும் இப்படித்தான். முன்பு மற்ற வகைகளோடு வரிசையில் நின்றது, 3.0இல் எடிட்டருக்குள்ளேயே இருக்கிற எக்ஸ்டென்ஷன் பட்டியல் பக்கம் தள்ளிவிட்டார்கள். கோலம் போடுகிற பாடம் எனக்கு எப்போதும் மூன்றாவது வாரம். இப்போது அதற்கு முன்னால் கீழ் மூலையில் இருக்கிற பட்டனை எல்லோரையும் கண்டுபிடிக்க வைக்க ஒரு கால் மணி நேரம். இது நிற விஷயம் இல்லை, தெரியும். இருந்தாலும் சொல்லத் தோன்றியது. மாற்றுகிறவர்கள் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவன் வேறொருவன்.

இப்போது அந்த அட்டை விஷயம். 2014இல் ஒவ்வொரு பிளாக்கையும் கலர் பிரிண்ட் எடுத்து, ஓரம் வெட்டி, லேமினேட் செய்தது நானும் என் மனைவியும். ஒரு செட்டுக்கு 48 அட்டை, ஆறு செட். இரண்டு கம்ப்யூட்டருக்குப் பதினொரு பிள்ளைகள் என்றால் மீதிப் பேர் என்ன செய்வார்கள்? தரையில் உட்கார்ந்து அட்டையில் புரோகிராம் போடுவார்கள், முறை வரும்போது கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். தொப்பியின் வளைவை வெட்டுவது கஷ்டம், அதை என் மனைவிதான் நகவெட்டிக் கத்திரியில் வெட்டுவாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. புதிதாக மஞ்சளில் அடித்துக்கொள்ளலாமே, எவ்வளவு ஆகிவிடும் என்கிறீர்கள். பணமா பிரச்சினை?

ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையில் ஒன்றைத்தான் எடுத்துக் காட்டினேன். "சார், இது எந்த மியூசியத்துலேர்ந்து?" என்று மேடையிலிருந்து மைக்கில் கேட்டாரே ஒருங்கிணைப்பாளர் தம்பி, எல்லோரும் சிரித்தார்களே, நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வேறென்ன செய்வது? தம்பி இன்று பெரிய பெரிய டிரெய்னிங் எல்லாம் கொடுக்கிறார், மடிப்புக் கலையாத சட்டை, சந்தோஷம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. 2015இலும் 2016இலும் அந்தத் தம்பி என் மாடியில்தான் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது செட் அதனுடையது. அடுத்தவர் அட்டையைத் தொடவிடாது, தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறது என்று அதன் அம்மா வந்து சொல்லியிருக்கிறார்.

நான் கோபமாக இல்லை. வேண்டுகோளை எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். சிரிப்பு பொம்மை போட வருகிறவர்கள் தயவுசெய்து முதல் பத்தியிலிருந்து ஒரு தடவை வாசித்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம், தம்பியோடு தொடர்பில் இருக்கிறவர்கள் யாராவது இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மூன்றாவது செட்டில் பிரவுன் தொப்பி ஒன்று 2016இலிருந்து குறைகிறது. வீட்டில் ஒரு தடவை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.