மளிகைக்கடை நோட்டும் ஒன்றாம் தேதியும்

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் கணவரும் மளிகைக்கடைக் கடன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எழுதப்பட்டிருந்ததையும், கைக்காசு கொடுத்து வாங்கிய பால், காய்கறி, இட்லி மாவு, பிள்ளைகளின் தின்பண்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தோம். 9,400 ரூபாய் வந்தது. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 20,000 ரூபாய்தான். அதில் 5,000 ரூபாய் வீட்டு வாடகைக்குப் போய்விடும். என் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் சேர்த்து ஐந்து பேர் மதுரையில் வாழ்கிற எங்கள் குடும்பத்தில், வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி வாய்க்கும் வயிற்றுக்கும் போய்க்கொண்டிருந்தது. இன்று அதே செலவு 6,700 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. எப்படி என்று அலுவலகத்தில் கேட்டார்கள், உறவில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சிக்கனம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலோர், மாதத்தின் முதல் நாளில் கையில் முழுப் பணமும் இருக்கிற குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள் என்பது என் மனத்தாங்கல். மொத்தமாக வாங்குங்கள், விலையை ஒப்பிட்டு வாங்குங்கள், பட்டியல் போட்டு வாங்குங்கள் என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றாம் தேதி வரும் சம்பளம் போன மாதம் தின்று முடித்த சாமான்களுக்குரிய பணம். அதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அன்றைக்கே இந்த மாதத்துக்கான முதல் வரியை நோட்டில் எழுதிவிட்டு வருகிறோம். அப்படி இருக்கும்போது எந்தக் கடையோடு எந்தக் கடையை ஒப்பிடுவது?

கடன் நோட்டில் வட்டி என்று எதுவும் எழுதப்படுவதில்லை. ஆனால் கால் கிலோ துவரம்பருப்பு எங்கள் நோட்டில் 45 ரூபாய் என்று இருந்தபோது, அதே தரத்துப் பருப்பு கீழமாசி வீதி மொத்தக் கடையில் கிலோ 145 ரூபாய்க்குக் கிடைத்தது. நான்கு கால் கிலோவைக் கூட்டினால் 180 ரூபாய். கிலோவுக்கு இந்த 35 ரூபாய் வித்தியாசம் பருப்போடு நிற்கவில்லை. எண்ணெய், உளுந்து, மல்லி, சீரகம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியமாக, கடனுக்கு வாங்குகிறவள் விலை கேட்க மாட்டாள். பருப்பில் வண்டு இருந்தாலும் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்படுவாள். கடைக்காரரை நான் குறை சொல்ல வரவில்லை. 2020 ஊரடங்கில் எங்கள் இருவருக்கும் இரண்டு மாதம் சம்பளம் வராதபோது, ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தவர் அவர். இன்றும் தீப்பெட்டி, ஊதுபத்தி, உப்பு, அவசரத்துக்கு ஒரு தேங்காய் எல்லாம் அவரிடம்தான் வாங்குகிறோம். அவருக்கும் சரக்குப் போடுகிறவருக்கு வாரக்கடைசியில் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையில் ஒரு பங்கு என் பருப்பின் மீது ஏறுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே நாங்கள் செய்த முதல் வேலை, எந்தச் சாமானையும் குறைக்காமல், அந்த ஒரு மாதப் பின்தங்கலை அடைத்ததுதான். நோட்டுக் கணக்கு மட்டும் மாதம் சுமார் 5,800 ரூபாய் இருந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதந்தோறும் என் கணக்குக்கு வருகிறது. அது வந்த சுவடே தெரியாமல் செலவாகிக்கொண்டிருந்தது. நான்கு மாதம் அதைத் தொடாமல் வைத்தேன். தீபாவளி போனஸில் துணிமணிக்குப் போக நின்ற 2,000 ரூபாயைக் கணவர் சேர்த்தார். தை மாதம் நோட்டை முழுவதுமாகத் தீர்த்துவிட்டு, அந்த மாதச் சம்பளத்தில் முதல்முறையாகக் கைக்காசோடு கீழமாசி வீதிக்குப் போனோம். இரண்டு கட்டைப்பைகளைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் திரும்பியபோது கணவர் அடிக்கடி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மொத்தக் கடையில் ஒரு விஷயம் தெரிந்தது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பெயரிட்டுக் கட்டப்பட்ட அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்கு இல்லை. அரிசிக்கடைகளில் 25 கிலோ சிப்பம் திடீரென்று 26 கிலோ ஆனதன் ரகசியம் இதுதான். பளபளப்பான பாக்கெட்டைத் தேடாமல் மூட்டையிலிருந்து அள்ளிப் போடச் சொன்னால் வரியும் இல்லை, பாக்கெட்டின் அலங்காரச் செலவும் இல்லை. அதற்காகச் சின்ன பாக்கெட் எல்லாமே நஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் பிரபலமாக்கிய ஷாம்பு சாஷேவை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பல நேரங்களில் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு. பின்புறம் அச்சிட்டிருக்கிற எடையை விலையோடு வகுத்துப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

அடுத்து ரேஷன். எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம்; ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய் வீதம் 2 கிலோ. அரிசி தவிர்த்த எல்லாவற்றுக்கும் சேர்த்து 105 ரூபாய். அரிசி அட்டை உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இருந்தும், நாங்கள் அந்த அரிசியை வாங்கிப் பக்கத்துத் தெருவில் கோழி வளர்க்கிறவரிடம் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு 26 கிலோ பொன்னி மூட்டையை 1,500 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தோம். வாடை வருகிறது, குழைகிறது என்பதே காரணம். குக்கரில் வைத்தால் குழையத்தான் செய்யும். மூன்று தண்ணீர் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, அகலப் பானையில் நிறையத் தண்ணீர் விட்டு வடித்தால், ரேஷன் புழுங்கலரிசி இரவுச் சாப்பாட்டுக்கு எந்தக் குறையும் இல்லாமல் வருகிறது. இட்லிக்கோ அது இன்னும் பொருத்தம்: நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். இப்போது பொன்னி மூட்டை இரண்டு மாதம் வருகிறது. அந்த ஒன்றிலேயே மாதம் 750 ரூபாய் நின்றுவிட்டது.

ரேஷன் அரிசியைக் கழுவும்போது சில மணிகள் மேலே மிதக்கும். என் மாமியார் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் தனியே வைத்து, "பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறார்கள்" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மாவிலிருந்து மணியாகச் செய்து, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்திருந்தார்கள். ரத்தசோகை என்று அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கி வந்து விழுங்குகிற அவர்களே அந்த மணிகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்ததை என்னவென்று சொல்வது! இரண்டு வாரம் வாதாடினேன். இப்போது பொறுக்குவதில்லை, ஆனால் இன்னும் முழுதாக நம்பியதாகவும் தெரியவில்லை.

பருப்பும் எண்ணெயும் அரிசியோடு ஒரே நாளில் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நாங்கள் முன்பு அரிசியை வாங்கிக்கொண்டு, பருப்பு வரவில்லை என்றதும் அத்தோடு மறந்துவிடுவோம். பொது விநியோகத் துறையின் செயலியில் நம் கடையின் இருப்பைப் பார்த்துவிட்டு மாதக்கடைசிக்குள் இன்னொரு நடை போவது, அரை மணி நேரத்தில் 200 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதற்குச் சமம். பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் எல்லாச் சமையலுக்கும் அதையே ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்பளம், வடை, பூரிக்கு அது, தாளிக்கவும் பொரியலுக்கும் கடலை எண்ணெய் என்று பிரித்துக்கொண்டோம்.

எங்களை மிகவும் அதிர வைத்த கணக்கு தின்பண்டம். 2022-23ஆம் ஆண்டுக்கான அகில இந்தியக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகரக் குடும்பம் தன் மொத்தச் செலவில் 3.64 சதவீதத்தைத்தான் அரிசி, கோதுமை முதலான தானியங்களுக்குக் கொடுக்கிறது. பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்தப்பட்ட உணவுக்கு 10.64 சதவீதம் போகிறது. இதை எங்கோ பெரிய ஊர்க்காரர்களின் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டால், இரண்டு பிள்ளைகளுக்கும் ஐந்து ரூபாய் பாக்கெட் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று: நாளுக்கு 20 ரூபாய், மாதம் 600 ரூபாய். ரேஷனில் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து 105 ரூபாய் என்று மேலே எழுதியிருக்கிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டைப் பிரித்தால் பாதி காற்று. இப்போது மாலையில் அவித்த வேர்க்கடலை, சுண்டல், அல்லது பொட்டுக்கடலையும் வெல்லமும். சனிக்கிழமை மட்டும் அவர்கள் விரும்பிய பாக்கெட் உண்டு. அதையும் நிறுத்த என்னால் முடியவில்லை, நிறுத்தவும் விரும்பவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் இருப்பது நம் பிள்ளை கையில் என்றைக்கும் இல்லை என்றால், அந்த வலிக்கு 450 ரூபாய் மிச்சம் ஈடாகாது.

பள்ளி விஷயத்தில் எங்கள் வீண் பெருமையை ஒப்புக்கொள்ள வேண்டும். சின்னவள் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, பெரியவன் ஏழாம் வகுப்பு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் மதுரையில்தான் தொடங்கியது. மதியம் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து நாள் முட்டை. இருந்தும், "சத்துணவா சாப்பிடுறான்?" என்று ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் கேட்ட ஒரு கேள்விக்காக, இரண்டு வருடம் காலை ஐந்து மணிக்கு எழுந்து எலுமிச்சைச் சாதமும் தக்காளிச் சாதமும் கட்டிக் கொடுத்தேன், அந்த டப்பாவில் ஒருநாளும் முட்டை இருந்ததில்லை. இப்போது மதியம் இருவரும் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள்.

பணம் குறையும்போது குடும்பங்கள் முதலில் கை வைப்பது முட்டை, மீன், பயறு ஆகியவற்றில்தான். அதைத்தான் கடைசியில் தொட வேண்டும் என்பேன். எங்கள் செலவில் கூடிய ஒரே இனம் முட்டைதான், மாதம் 300 ரூபாய் அதிகம். மத்தி மீன் வரத்து அதிகமுள்ள நாட்களில் வஞ்சிரத்தின் விலையில் சிறு பங்குதான். துவரம்பருப்பு விலையேறும் மாதங்களில் தட்டைப்பயறும் மொச்சையும் கொள்ளும் குழம்புக்குக் கைகொடுக்கின்றன.

காய்கறிக்கு உழவர் சந்தை. முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. பலகையில் எழுதிய விலைக்குத்தான் விற்க வேண்டும், அது வெளிக்கடை விலையைவிடக் குறைவு. ஞாயிறு காலை கலையும் நேரத்துக்குப் போனால், மீதியைக் கூறு போட்டுக் கொடுத்துவிட்டு வண்டியேறப் பார்ப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் கீரை வாடியிருக்கும். கீரை வேண்டுமென்றால் விடியலில்தான் போக வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது ஒரு மாதம் முழுக்கப் புளிக்குழம்பும் மோர்க்குழம்பும் வைத்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மசாலாப் பொடியும் மாவும் வீட்டுக்கு வந்துவிட்டன. பங்குனி, சித்திரையில் வற்றலும் மல்லியும் புளியும் மொத்தமாக வாங்கி மொட்டைமாடியில் காயவைத்து, மில்லில் அரைத்துக்கொண்டோம். இட்லி மாவு பாக்கெட்டுக்கு மட்டும் மாதம் 500 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர் பரணில் தூசியடைந்து கிடந்தது. பெல்ட் மட்டும் மாற்றினோம், ஓடுகிறது. ஆனால் இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த மிச்சத்தின் பெரும்பகுதி என் மாமியாரின் முதுகிலும், என் ஞாயிற்றுக்கிழமையிலும் இருந்து வந்தது. கல்லைக் கழுவுவதும் பயறு ஊறவைப்பதும் யாருடைய வேலை என்பது சிக்கனக் கணக்கில் எழுதப்படுவதில்லை. ஒரு மாதம் முணுமுணுத்துவிட்டு, கணவர் இப்போது ஞாயிறுதோறும் மாவாட்டுகிறார். உளுந்துக்குத் தண்ணீர் தெளிக்கும் பக்குவம் மட்டும் இன்னும் கைவரவில்லை.

போன மாதம் 23ஆம் தேதி, மாமனாரின் திதிக்கு எதிர்பார்த்ததைவிட ஆறு பேர் கூடுதலாக வந்துவிட்டார்கள். பருப்பும் எண்ணெயும் போதவில்லை, கையிலும் காசில்லை. கணவர் அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் புதுப் பக்கத்தைத் திருப்பித் தேதியிட்டு 340 ரூபாய் எழுதிக் கொடுத்தார். ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் கீழமாசி வீதிக்குப் பேருந்து ஏறினோம்.