வீட்டு வாசல் வரைக்கும் போறவங்களுக்கு வாய்க்குள்ள பார்க்கவும் கத்துக்கொடுங்க

நானே ஒரு பல் டாக்டர். இதைப் படிச்சா நம்ம ஆளுங்க சில பேருக்குக் கோபம் வரும்னு தெரியும், இருந்தாலும் சொல்லிடுறேன். பல் டாக்டரே இல்லாத இடங்கள்ல, எப்பவோ ஒரு டாக்டர் வருவார்னு காத்துக்கிட்டு இருக்கிறதை விட, ஏற்கனவே வீடு வீடா போற ஹெல்த் ஒர்க்கர்ஸுக்கு வாயைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறது தான் முதல் வேலை. குழந்தைக்கு எடை பார்க்கிறாங்க, தடுப்பூசி தேதி ஞாபகப்படுத்துறாங்க, கர்ப்பிணிக்கு பிபி பார்க்கிறாங்க, சுகர் மாத்திரை ஒழுங்கா போடுறாங்களான்னு கேக்குறாங்க, ஆனா வாய்க்குள்ள மட்டும் பார்க்கிறதில்ல. அவங்க மேல தப்பே இல்ல, யாரும் சொல்லிக்கொடுக்கல, அவ்வளவுதான்.

எங்ககிட்ட வர்றவங்க எப்ப வர்றாங்கன்னு பாருங்க. மாசக்கணக்கா வலி மாத்திரையிலயே ஓட்டிட்டு, ராத்திரி தூக்கமே போனப்புறம், ஒருநாள் கூலியை விட்டுட்டு, எங்கிருந்தோ பஸ் மாறி பஸ் மாறி வருவாங்க. வாயைத் திறந்தா பல்லுல பாதி இருக்காது. பிடுங்குறதைத் தவிர வேற வழியே இருக்காது. அந்தப் பல்லுல சொத்தை ஆரம்பிச்சு எத்தனையோ மாசம் ஆகியிருக்கும், அந்த மாசமெல்லாம் அந்த வீட்டுக்கு ஒரு ஹெல்த் ஒர்க்கர் போய்ட்டு வந்துட்டுதான் இருந்திருப்பாங்க. இதை நினைச்சா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல வெளியிட்ட அறிக்கையில உலகத்துல கிட்டத்தட்ட 350 கோடி பேருக்கு ஏதோ ஒரு வாய் நோய் இருக்குன்னு சொல்லியிருக்காங்க, அதுல நாலுல மூணு பேர் ஏழை நாடுகள்லயும் நடுத்தர வருமான நாடுகள்லயும் இருக்கிறவங்க. வைத்தியம் பார்க்காத சொத்தை மட்டுமே, நிரந்தரப் பல்லுல சுமார் 200 கோடி பேருக்கு, பால் பல்லுல சொத்தை உள்ள குழந்தைங்க 51 கோடிக்கு மேல. இத்தனை பேரையும் சேர்ல சாய வச்சு ட்ரில் போட்டுத் தீர்த்துடலாம்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

நான் முதல்முறை ஹெல்த் ஒர்க்கர்ஸுக்கு ட்ரெயினிங் கொடுத்தப்ப என்ன பண்ணேன்னா, ஸ்லைடு ஸ்லைடா போட்டு எனாமல், டென்டின், பல்லுக்குள்ள இருக்கிற நரம்புன்னு ரெண்டு மணி நேரம் பேசினேன். எல்லாரும் அமைதியா கேட்டுக்கிட்டாங்க. கடைசில ஒரு அக்கா எழுந்து, "டாக்டர், நீங்க சொல்றதெல்லாம் சரிதான், ஆனா ஒன்றரை வயசுப் புள்ள வாயவே திறக்காதே, அப்ப என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல வீடு வீடா போற அனுபவம் அந்தக் கேள்வியில இருந்துச்சு. அன்னைக்கே ஸ்லைடை மூடி வச்சுட்டு, இருந்த நாற்காலியெல்லாம் எதிரெதிரா போட்டோம்.

எப்படின்னா, அம்மாவும் ஹெல்த் ஒர்க்கரும் முட்டியோட முட்டி இடிக்கிற மாதிரி உக்காரணும். குழந்தை அம்மாவைப் பார்த்த மாதிரி மடியில இருக்கும், ரெண்டு காலும் அம்மா இடுப்பைச் சுத்தி, அப்படியே மெதுவா பின்னாடி சாய்ச்சா தலை ஒர்க்கர் மடிக்கு வந்துடும். குழந்தை கையை அம்மா பிடிச்சுக்குவாங்க. அழுதா அழட்டும், அழுதா வாய் தானா திறக்கும். ஆள்காட்டி விரலால மேல் உதட்டைத் தூக்கணும், டார்ச் அடிக்கணும், முன் பல்லு ஈறைத் தொடுற இடத்தைப் பார்க்கணும். அரை நிமிஷம் கூட ஆகாது.

அங்க சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையா ஒரு தடம் தெரிஞ்சா அது சொத்தையோட முதல் படி. இன்னும் ஓட்டை விழல, திருப்பி சரிபண்ண வாய்ப்பிருக்கு. ராத்திரி பால் பாட்டிலை வாயில வச்சுக்கிட்டே தூங்குறதை நிறுத்தணும், ஃபுளோரைடு இருக்கிற பேஸ்ட்ல காலையும் ராத்திரியும் தேய்க்கணும், டியூப் பின்னாடி ஃபுளோரைடு அளவு 1000 பிபிஎம்மாவது (ppm) போட்டிருக்கான்னு பார்க்கணும். மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு. தேய்ச்சதும் துப்பினா போதும், தண்ணி விட்டுக் கொப்பளிச்சா ஃபுளோரைடும் சேர்ந்து போயிடும். இதைச் சொல்றதுக்கு அஞ்சு வருஷம் டென்டல் காலேஜ் படிக்கணுமா? ஆனா அந்த வெள்ளைக் கோட்டைக் கண்ணால கண்டுபிடிக்கப் பழகணும், அதுக்கு நிஜமான வாயை நிறையப் பார்க்கணும், படத்துல பார்த்தா வராது.

"பால் பல்லு தானே, விழுந்துடப் போகுது"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, படிச்சவங்களும் சொல்றாங்க. கடைவாய்ப் பால் பல்லு விழ பத்து, பன்னெண்டு வயசு ஆகும். மூணு வயசுல சொத்தை வந்த குழந்தை அதுவரைக்கும் வலியோட தான் சாப்பிடணுமா, வலியோட தான் ஸ்கூல்ல உக்காரணுமா? இந்த பதிலை ஒவ்வொரு ஒர்க்கரும் மனசுல வச்சிருக்கணும், ஏன்னா இந்தக் கேள்வி எல்லா வீட்லயும் வரும்.

ஓட்டை விழுந்தாச்சுன்னா? அதுக்கும் இப்ப வழி இருக்கு. சில்வர் டையமைன் ஃபுளோரைடுன்னு ஒரு மருந்து, பஞ்சால ஈரத்தை எடுத்துட்டு சின்ன பிரஷ்ல ஒரு சொட்டு தொட்டு தடவினா பெரும்பாலான சொத்தை அதோட நின்னுடும். ஊசி கிடையாது, ட்ரில் கிடையாது, கரண்ட் கூட வேண்டாம். ஆனா சொத்தை இருந்த இடம் நிரந்தரமா கறுப்பாயிடும். இதை முதல்லயே அம்மாகிட்ட காட்டிக் கேட்டு, அவங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம் தான் தடவணும். தோல்ல பட்டாலும் சில நாள் கறை இருக்கும், அதனால உதட்டுல வாசலின் தடவிக்கணும். நான் ஒவ்வொரு பேட்ச்லயும் கறுப்பான பல்லு போட்டோவைக் காட்டி "இப்ப நீங்க தான் அம்மா, சம்மதிப்பீங்களா?"ன்னு கேட்டு பேச வைக்கிறேன். மருந்து தடவக் கத்துக்கிறதை விட இந்தப் பேச்சைக் கத்துக்கிறதுக்கு தான் ரொம்ப நேரம் ஆகுது.

அடுத்த படி ஏஆர்டின்னு சொல்லுவோம். ட்ரில் இல்லாம, கைக்கருவியாலயே சொத்தையைச் சுரண்டி எடுத்துட்டு கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வச்சு அடைக்கிறது. 1980-கள்ல தான்சானியாவுல, கரண்ட் இல்லாத இடத்துல பிறந்த முறை இது. இதை ரெண்டு நாள் ட்ரெயினிங்ல யார் கையிலயும் கொடுத்துடக் கூடாது, தனியா படிச்சுப் பழகினவங்க தான் செய்யணும். ஃபுளோரைடு பேஸ்ட், அந்த சில்வர் மருந்து, இந்த சிமெண்ட், மூணையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்தாச்சு. அப்புறமும் ஒரு சுகாதார நிலையத்துல இது மூணுமே இல்லன்னா அதை யாராவது கேக்கணும் இல்லையா?

"டாக்டர் அல்லாதவங்க பல்லைத் தொடலாமா"ன்னு கேக்குறது ரொம்பப் பழைய கேள்வி. நியூசிலாந்துல முதல் உலகப்போருக்கு ஆள் எடுத்தப்ப இளைஞர்கள் பல்லெல்லாம் மோசமா இருந்ததைப் பார்த்துட்டு, 1921-ல வெலிங்டன்ல ஸ்கூல் டென்டல் நர்ஸ் பயிற்சி ஆரம்பிச்சாங்க. அப்பவும் எதிர்ப்பு இருந்துச்சு. அலாஸ்காவுல விமானமோ படகோ இல்லாம போக முடியாத கிராமங்கள் இருக்கு, அங்கிருந்தே ஆள் எடுத்து 2003-ல டென்டல் தெரபிஸ்ட், அதாவது டாக்டர் அல்லாம பல் வைத்தியம் பண்றவங்களுக்கான படிப்பு படிக்க நியூசிலாந்துக்கு அனுப்பினாங்க, ஏன்னா அமெரிக்காவுல அப்ப அந்தப் படிப்பே கிடையாது. திரும்பி வந்து வேலையை ஆரம்பிச்சதும் பல் மருத்துவர் சங்கங்கள் 2006-ல கோர்ட்டுக்குப் போச்சு. ஜெயிக்கல. இன்னைக்கும் அந்த கிராமங்கள்ல அந்த தெரபிஸ்டுகள் தான் பல் பார்க்கிறாங்க, தூரத்துல இருந்து டாக்டர் மேற்பார்வை பண்றார். அவங்க ரெண்டு வருஷம் முழுநேரம் படிச்சவங்க, நம்ம ஹெல்த் ஒர்க்கர் வேற, அதைக் குழப்பிக்க வேண்டாம். அந்தக் கிராமத்து ஆளையே எடுத்ததைத் தான் நான் முக்கியமா பார்க்கிறேன், சொந்த ஊரை விட்டுப் போக மாட்டாங்க, அவங்க பாஷையில பேசுவாங்க.

வெறும் கண்ணால பார்க்கிறதுக்கு என்ன பலன் இருக்குன்னு கேட்டா எனக்கு உடனே ஞாபகம் வர்றது வாய்ப் புற்றுநோய் தான். கேரளாவுல திருவனந்தபுரம் பக்கம் பயிற்சி கொடுத்த ஹெல்த் ஒர்க்கர்ஸை வீடு வீடா அனுப்பி வாய்க்குள்ள பார்க்க வச்ச பெரிய ஆய்வோட முடிவு 2005-ல வந்துச்சு. புகையிலை, மது பழக்கம் இருந்தவங்கள்ல வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. டார்ச்சும் கண்ணும் தான் கருவி. அதனால என் வகுப்புல எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்ற ஒரு வரி: ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு, துடைச்சா போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறக்கிற அளவு குறையிறது, இதுல எது இருந்தாலும் அனுப்பு.

அதே மாதிரி முகவீக்கம். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவுது, காய்ச்சல் இருக்கு, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம்னா நாளைக்குன்னு விடக்கூடாது, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி. ஆன்டிபயாட்டிக் போட்டு வீக்கம் வத்திடுச்சுன்னு வீட்லயே இருந்துடுவாங்க, பல்லுக்குள்ள இருக்கிற காரணம் அப்படியே இருக்கும், திரும்ப வரும். சுகர் இருக்கிறவங்க ஈறுல ரத்தம் வந்தா சுகரையும் சேர்த்துப் பார்க்கணும், ஒண்ணை இன்னொண்ணு கெடுக்கும். கர்ப்பிணிங்க பல் வைத்தியத்துக்குப் பயந்து ஒத்திப்போடுவாங்க, தைரியமா அனுப்பலாம்.

இனி எனக்கு உறுத்துற விஷயம். "அனுப்பு"ன்னு சுலபமா சொல்லிடுறோம், எங்க அனுப்புறது? ஒரு முறை பயிற்சி முடிச்ச ஒருத்தங்க ஒரு பெரியவரை சீட்டு எழுதி அனுப்பியிருக்காங்க, அங்க பல் டாக்டர் வர்ற நாள் அது இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் திரும்பி வந்து இவங்களைத் தான் திட்டினார். அடுத்த முறை அவங்க சொல்லை யார் கேப்பாங்க? எந்த கிழமை, எந்த அறை, யாரைப் பார்க்கணும், போன் நம்பர் என்ன, இது கையில இல்லாம பயிற்சியை ஆரம்பிக்கவே கூடாதுன்னு இப்ப நான் பிடிவாதமா இருக்கேன்.

இன்னொண்ணு சம்பளம். ஏற்கனவே அவங்க தலையில இருக்கிற ரிஜிஸ்டர் எத்தனை, வேலை எத்தனை! அதுக்கு மேல பல்லையும் பாருன்னு சும்மா ஏத்திவிட்டா எதுவுமே ஒழுங்கா நடக்காது. நேரத்துக்குக் காசு கொடுங்க, டார்ச், கிளவுஸ், பேஸ்ட் கொடுங்க, சர்டிபிகேட் கொடுத்துட்டு மறந்துடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டரும் அவங்களும் ஒரே குழந்தையைத் தனித்தனியா பார்த்து எழுதி, ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும். நாங்க அப்படிப் பார்த்தப்ப, நான் கவனிக்காம விட்ட ஒரு வெள்ளைக் கோட்டை அவங்க குறிச்சு வச்சிருந்தாங்க.

அன்னைக்கு அந்தக் கேள்வி கேட்ட அக்கா போன வாரம் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாங்க. ஸ்பூன் பின்பக்கத்தால கன்னத்தை விலக்கிப் பிடிச்சு, டார்ச் வெளிச்சத்துல எடுத்தது, நாக்குக்குப் பக்கவாட்டுல ஒரு புண்ணு. "ஒரு மாசமா இருக்காம் டாக்டர், வலிக்கலையாம், அதான் காட்டலையாம்"னு எழுதியிருந்தாங்க. உடனே அனுப்பச் சொன்னேன். அவர் தனியா போக மாட்டேன்னு சொன்னதால அக்காவே கூடப் போயிருக்காங்க. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க, ரிப்போர்ட் வியாழக்கிழமை வரும்.