இந்த ஆண்டு என்னோடு தங்கிய புத்தகங்கள்

போன மார்கழியில் அப்பாவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். அப்பா லெட்டர் பிரஸ்ஸில் முப்பது வருடம் கம்பாசிட்டராக, அதாவது கட்டம் கட்டமான பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை எடுத்து அச்சுக்குக் கோக்கிறவராக இருந்தவர். கதையை நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். நல்லா வந்திருக்கு என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்கப்பா வர்றார், போறார், இருமுறார், கோபப்படுறார். இந்த ஏழு பக்கத்துல ஒரு எழுத்தையாவது எடுத்துக் கோத்தாரா?" என்று கேட்டார்.

கோக்கவில்லை. மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். பிரஸ் வாசலோடு கதை நின்றுவிட்டிருந்தது. உள்ளே அவர் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

இந்த ஆண்டு நான் என்ன படிக்க வேண்டும் என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்தது. நம் கதைகளில் மனிதர்கள் காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பழசை நினைத்துக் கலங்குகிறார்கள். பகல் முழுக்க அவர்கள் செய்யும் வேலை மட்டும் இரண்டு பத்திகளுக்கு நடுவில் எங்கோ விழுந்துவிடுகிறது. அப்படி விழாத புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தேன். எல்லாமே பழைய புத்தகங்கள். சில ஏற்கெனவே படித்தவை. ஆனால் கல்லூரி நாளில் கதைக்காக ஓடியவன் இப்போது கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

முதலில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. 1979இல் வந்த நாவல், தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றியது. அவர் அந்த ஊர்க்காரர் இல்லை, முசிறியில் பிறந்தவர். தூத்துக்குடிக்குப் போய், அளத்தில் வேலை செய்கிறவர்களோடு பேசிப் பழகி, பார்த்து எழுதினார். அவருடைய வழக்கமே அதுதான். கொள்ளைக்காரர்களைப் பற்றி எழுதச் சம்பல் பள்ளத்தாக்குக்கே போனவர் அவர். இவ்வளவு உழைத்த ஒருவரைப் பற்றி நாம் பேசுவது போதாது என்று எனக்கு ஆற்றாமை உண்டு. 'விவரங்கள் அதிகம், கலை குறைவு' என்று ஒரே வரியில் அவரைத் தள்ளிவைப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த விவரங்கள்தான் கலை.

உப்பு விளைவது எப்படி என்று இந்த நாவலுக்கு முன் நான் யோசித்ததே கிடையாது. தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் கனக்க வைக்க வேண்டும். குறிப்பிட்ட அடர்த்தி வந்த பிறகுதான் உப்பு இறங்கும். அதையும் தாண்டிவிட்டால் கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும். அந்த நீரை வெளியேற்ற வேண்டும். எந்த நேரத்தில் வார வேண்டும் என்று கண்ணும் காலும் சொல்லும். அந்தக் கால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை அரிக்கும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வேலை இல்லை, கூலியும் இல்லை. பொன்னாச்சி இந்த அளத்துக்குள் வருகிறாள். வெயிலையும் உப்பையும் தாங்கினால் மட்டும் அவளுக்குப் போதாது, வேலை கொடுக்கிறவனின் கண்ணையும் கையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். இந்த நாவலை முடித்த வாரத்தில் ரசத்துக்கு உப்புப் போடும்போதெல்லாம் கை ஒரு நொடி நின்றது.

அப்புறம் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஒருவர், தன் சொந்த மண்ணின் பேச்சை இவ்வளவு கூச்சமில்லாமல் எழுத்தில் வைத்தது அந்தக் காலத்தில் பெரிய காரியம். லிஸியை எல்லோரும் காதல் கதையின் நாயகியாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த முறை தங்கராஜின் பனைதான் பெரிதாகத் தெரிந்தது. பனையேறியின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஏறி, பாளை சீவி, கலயத்தில் சேர்ந்ததை இறக்கி, அடுத்த மரம். சாயங்காலம் மறுபடி அதே மரங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அக்கானி என்கிற பதநீர், இல்லாவிட்டால் கள். இறக்கியதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது பெண்களின் பாடு. மரத்தில் ஏறுகிறவனும் மரத்துக்குச் சொந்தக்காரனும் ஒரே சாதி, ஒரே கோயிலில் ஜெபிக்கிறவர்கள். அப்படியும் ஏறுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். செய்யும் வேலை ஒருவனை எப்படிக் கீழே வைக்கிறது என்பதைக் குரல் உயர்த்தாமல் சொன்ன நாவல் இது. கெட்டிக்காரத்தனம் எதுவும் காட்டாத அந்த எளிய நடைக்காகவே இதை இரண்டு முறை படித்தேன்.

பி.எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு' வேறு மாதிரி. 1969இல் ஆங்கிலத்தில் வந்ததை இரா.முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். அதனால் அட்டைக்கடியும் மலேரியாவும் ஒரு மருத்துவரின் கண்ணோடு வருகின்றன. கருப்பனும் வள்ளியும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அந்தக் கடன் அடைவதே இல்லை. நாவலாகப் பார்த்தால் சில இடங்களில் தட்டையாக இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். சாட்சியமாகப் பார்த்தால் இதற்கு ஈடு குறைவு. இதைத் தழுவி வந்த 'பரதேசி' படத்தைப் பார்த்தவர்கள் இந்தப் புத்தகத்தையும் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

பூமணியின் 'பிறகு' பற்றி ஒரு சொல். செருப்பும், மாடு கட்டி நீர் இறைக்கும் கமலைக்குத் தோலும் தைக்கிற அழகிரி ஊருக்கே தேவைப்படுகிறவர். ஊருக்குள் மட்டும் அவருக்கு இடம் இல்லை. இதற்கு மேல் விளக்கினால் அந்த நாவலின் அமைதியைக் கெடுத்துவிடுவேன்.

ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை இந்த வரிசையில் வைப்பது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். யுத்தம், நேதாஜியின் ஐ.என்.ஏ. படை, பினாங்கு, பாண்டியனின் அலைச்சல் என்றுதான் அதை நினைக்கிறோம். ஆனால் இந்தோனேசியாவின் மெடானில் வட்டிக்கடை நடக்கும் விதத்தைப் பாருங்கள். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று ஒரு ஏணி. கடை நடக்கும் கிட்டங்கியிலேயே படுக்கை, அங்கேயே கணக்கு, அங்கேயே ஊர் நினைப்பு. சிங்காரம் சின்ன வயதிலேயே சிங்கம்புணரியிலிருந்து மெடானுக்கு வேலைக்குப் போனவர், அதனால் ஒரு சொல்கூட இரவல் இல்லை. தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டும் அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன். அலையின் வேகம் வாக்கியத்திலேயே இருக்கிறது. இரண்டே நாவல்கள் எழுதினார் இந்த மனிதர். மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்துக்கொண்டு, தனியாக வாழ்ந்து, 1997இல் போய்ச் சேர்ந்தார்.

கடைசியாக உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதி வந்தார். 1942இல் அவர் மறைந்தபோது நின்றுபோன புத்தகம். மொத்தம் 122 அத்தியாயங்கள். புரட்டாசியில் தொடங்கி கார்த்திகை வரை தினமும் கொஞ்சமாகப் படித்தேன். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். அவர் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியிலிருந்து ஏழு வருட உழைப்பு, 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு. அந்தப் பக்கத்தில் எனக்கு என் நண்பரின் முகம் வந்து போனது.

ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். கொம்பில் குறில், நெடில் வேறுபாடு இல்லை. ஒவ்வொரு சொல்லையும் பொருள் பார்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்தேழு வயது. பிரஸ் மூடி இருபத்தொன்பது வருடம் ஆகிறது. சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காலும் ரகரமும் ஒண்ணா இருந்தா எந்தக் கட்டத்துல கையை விடுறது?"

அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது துதிக்கை போட்ட 'னை'யும் 'லை'யும் போய், கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், சில கட்டங்கள் காலியாகக் கிடந்தனவாம். கை பல மாதம் பழைய கட்டத்துக்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்ததாம். இந்தக் கதையை எனக்கு அவர் இதுவரை சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

சாப்பாட்டு மேசையில் இருந்த தட்டுகளை நகர்த்திவிட்டு, வெறும் பலகையில் விரலால் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தார். இது ககரம். இது மகரம், நிறைய வேண்டும், அதனால் பெரிய கட்டம். இங்கே புள்ளி எழுத்துகள். இடது கையில் எழுத்து கோக்கும் ஸ்டிக் பிடித்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு, கண்ணை என் மேல் வைத்தபடியே, வலது கையால் என் பெயரைக் கோத்தார்.