கசிவை அளந்து ஊருக்குச் சொல்லுங்கள்

காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் புதிய திட்டங்களை மட்டுமே தடுக்கிறது. அதற்கு முன்பே இயங்கிவந்த கிணறுகளும், நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம் போன்ற ஊர்களின் சேகரிப்பு நிலையங்களும், வயலுக்கு அடியில் செல்லும் குழாய்களும் சட்டத்துக்குப் பிறகும் தொடர்கின்றன. அவை எவ்வளவு கசிகின்றன, அதை யார் அளக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் போதிய அளவு எழுப்பவில்லை என்பது என் ஆதங்கம்.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியபோது ஊரே திரண்டது. எண்ணெய் கண்ணுக்குத் தெரியும்; எரிவாயு தெரியாது. நிலத்தடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. சமையல் சிலிண்டரில் நாம் முகரும் நாற்றம், கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படும் மெர்காப்டான் என்னும் வேதிப்பொருளுடையது. ஆகவே, வாடை வரவில்லை என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு தீப்பொறியே போதும்.

கசிவு என்றதும் குழாய் வெடிப்பதையே நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான கசிவுகள் சத்தமில்லாமல் நடப்பவை: வால்வுத் தண்டைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் பேக்கிங் தேய்வது, இரு குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சின் நடுவே வைக்கும் அடைப்பு வளையமான கேஸ்கெட் நெகிழ்வை இழந்து கெட்டியாகிப்போவது, வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரின் சீல் அதிர்விலும் வெப்பத்திலும் தளர்வது, சேமிப்புத் தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமல் போவது. அமெரிக்காவின் எரிவாயு அமைப்புகளில் செய்யப்பட்ட அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கசியும் இடங்களில் சுமார் 5 விழுக்காடே மொத்தக் கசிவில் பாதிக்கு மேல் வெளியிடுவது தெரியவந்தது. அந்தச் சில இடங்களைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும். சோப்புக் கரைசல், கையடக்க வாயு உணரி, அகச்சிவப்புக் கேமரா ஆகியவற்றோடு, முறை தவறாமல் சுற்றிவரும் ஆட்களும் இருந்தால் போதும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு இப்படிக் கசிவைத் தேடிப் பழுது நீக்கும் கடமையை 2008ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுச் சுற்றுச்சூழல் விதிகள் வகுத்துவிட்டன. வயல் நடுவே இருக்கும் கிணற்றுக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்று கேட்பது எப்படி அதிகமாகும்?

நம் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. சம்பா வயலில் கால் வைத்தாலே சேற்றிலிருந்து குமிழிகள் எழும். நீர் தேங்கிய சேற்றில் வாழும் நுண்ணுயிர்களும் மீத்தேனைத்தான் உண்டாக்குகின்றன. அதனால், குழாய்த்தடத்தின் மேல் குமிழி வருவதாக விவசாயி புகார் சொன்னால், அது வயல் வாயுதான் என்று தள்ளிவிடுவது எளிதாகிவிடுகிறது. ஆனால் இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. எண்ணெய் வயலின் வாயுவில் மீத்தேனோடு ஈத்தேன் என்ற இன்னொரு வாயுவும் கலந்திருக்கும். சேற்று வாயுவில் அது ஏறக்குறைய இராது. ஒரு மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பார்த்தால் விடை கிடைத்துவிடும். புகார் கொடுத்தவரை அலையவிடாமல், குறிப்பிட்ட நாட்களுக்குள் இந்தச் சோதனையைச் செய்து முடிவை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதையே நான் முதன்மையாக வலியுறுத்துகிறேன்.

மழையில் ஊறி உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்கும் நம் களிமண் குழாயின் மேற்பூச்சை இழுத்துக் கிழிக்கக்கூடியது. கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்வதால் அரிப்பு விரைகிறது. உள்ளிருந்தும் அரிக்கும். கோதாவரி டெல்டாவில் நகரம் என்னும் சிற்றூரில் 2014 ஜூன் 27 அன்று எரிவாயுக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலர்ந்த வாயுவுக்கான அந்தக் குழாயில் ஈரம் கலந்த வாயு சென்றதும், உட்புறம் அரித்துப்போயிருந்ததும் பின்னர் வெளிவந்தன. தென்னையும் நெல்லும் சூழ்ந்த, நம் ஊர்களைப் போன்றதோர் ஊர் அது. நம் குழாய்களின் சுவர்த் தடிமன் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கசியும் வாயு நிறுவனத்துக்கும் இழப்புதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தாலும் மீத்தேன், கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்குகிறது. எனவே கசிவை அடைப்பதில் யாருக்கும் நட்டமில்லை. வெளியே சொல்வதில்தான் தயக்கம் இருக்கிறது. எங்கே சோதித்தார்கள், எவ்வளவு கசிந்தது, எந்தத் தேதியில் சரிசெய்தார்கள் என்ற பதிவேட்டின் நகல் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். கிராம சபையில் அது வாசிக்கப்பட வேண்டும். உற்பத்தி நின்று மூடப்பட்ட கிணறுகளும் அந்தப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அவற்றை அடைத்த சிமெண்டும் உள்ளிருக்கும் இரும்பும் காலப்போக்கில் பழுதடையக்கூடியவை என்பதால், கிணற்றை மூடியதோடு கண்காணிப்பு முடிந்துவிட்டதாக எந்த நிறுவனமும் கைகழுவ இடம் தரக் கூடாது.