மணி கேட்டால் கறுப்புத் திரை காட்டும் கடிகாரம்

நேற்று மாலை ரயில் நிலையத்தில் ஒரு பெரியவர், "மணி என்ன தம்பி?" என்று கேட்டார். கையைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புத் திரை. தட்டினேன். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினேன். சிவப்பாக ஒரு மின்னல் குறி எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது. பையைத் துழாவி, போனை எடுத்துப் பார்த்துத்தான் அவருக்கு மணி சொன்னேன். அப்போது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மணி காட்டாத ஒன்றை எதற்குக் கையில் கட்டிக்கொண்டு திரிய வேண்டும்?

ஒன்றரை வருடமாக இந்த ஸ்மார்ட்வாட்ச்சோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அன்றாட உபயோகத்துக்கு ஒன்று வாங்கலாமா என்று யார் கேட்டாலும் இனிமேல் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

முதலில் சார்ஜ். வாங்கிய புதிதில் இரண்டு நாள் தாங்கியது. இப்போது காலையில் கட்டினால் மாலைக்குள் மூச்சு வாங்குகிறது. லித்தியம் அயன் பேட்டரியின் குணமே அதுதான். சில நூறு தடவை ஏற்றி இறக்கினால் கொள்ளளவு குறைந்துவிடும். போன் பேட்டரியே அப்படித்தான் தேய்கிறது என்றால், அதில் சிறு துண்டு அளவுக்கே இருக்கும் வாட்ச் பேட்டரி என்ன பாடுபடும்? சரி, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றால் திறக்க முடியாது. பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கேசியோவின் எஃப்-91டபிள்யூ 1989-ல் வந்தது. ஒரு பேட்டரி போட்டால் சுமார் ஏழு வருடம் ஓடும் என்று சொல்லி விற்ற கடிகாரம் அது, இன்றும் விற்கிறது. அதற்கு அப்புறம் இத்தனை வருடம் கழித்து நான் தினமும் படுக்கப்போகும் முன் கடிகாரத்தைக் கழற்றிச் சார்ஜில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சார்ஜரும் ஊரில் வேறு எவரிடமும் இருக்காது. காந்தத்தில் ஒட்டும் ஒரு வட்டத் தட்டு, அந்த மாடலுக்கு மட்டும். அதே கம்பெனியின் முந்தைய மாடலுக்குக்கூட ஒட்டாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரிலிருந்து போன், டேப்லெட், ஹெட்போன் எல்லாவற்றுக்கும் டைப்-சி கட்டாயம் என்று விதி கொண்டுவந்ததே, அந்தப் பட்டியலில் ஸ்மார்ட்வாட்ச் இல்லை. வெளியூர் போகும்போது அந்தத் தட்டை மறந்தால் திரும்பி வரும்வரை கையில் இருப்பது வெறும் கண்ணாடி வில்லை.

போனைப் பார்ப்பது குறையும் என்ற நம்பிக்கையில்தான் இதை வாங்கினேன். விளம்பரமும் அதைத்தான் சொன்னது. நடந்தது என்ன? பையில் கிடக்கும் போனையாவது மறந்திருக்க முடியும். இது எலும்பைத் தொட்டுக்கொண்டு அதிர்கிறது. குழுச் செய்தி, தள்ளுபடி அறிவிப்பு, "எழுந்து நடங்கள்" என்ற ஏவல், எல்லாவற்றுக்கும் ஒரே அதிர்வு. அனிச்சையாகக் கை திரும்புகிறது. பதில் போட வேண்டும் என்றால் அந்தக் குட்டித் திரையில் முடியாது, எப்படியும் போனை எடுத்தாக வேண்டும். முன்பு ஒரு தடவை பார்த்த இடத்தில் இப்போது இரண்டு தடவை.

இதில் என்னை மிகவும் சுட்ட விஷயம் வேறு. பேசிக்கொண்டிருக்கும்போது கையைத் திருப்பிப் பார்த்தால், எதிரில் இருப்பவருக்கு அது என்னவாகத் தெரியும்? "நேரமாகிறது, முடித்துக்கொள்" என்றுதானே? பள்ளியில் நடந்ததை என் மகள் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, "உங்களுக்கு நேரமாச்சாப்பா?" என்றாள். எங்கேயும் நேரமாகவில்லை. யாரோ ஒரு குழுவில் பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கே உட்கார்ந்து எல்லா அறிவிப்புகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். நிறுத்திய பிறகு யோசித்துப் பாருங்கள், மிச்சம் இருப்பது என்ன? மணி பார்ப்பதும் உடல்நலக் கணக்கும்தான். மணி பார்க்கும் லட்சணத்தைச் சொல்லிவிட்டேன். உடல்நலத்துக்கு வருகிறேன், என் கோபத்தில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒருநாள் இரவு ஆசையாக என் வாட்ச்சை அவர் கையில் கட்டி, ரத்த ஆக்சிஜன் அளவைப் பார்த்தேன். 86 என்று காட்டியது. திரும்பப் பார்த்தேன், 85. நல்ல நிலையில் 95-க்கு மேல் இருக்க வேண்டும் என்று தெரியும். என் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் செய்யலப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார் அவர். "பேசாம கிளம்புங்கப்பா" என்று அதட்டி, இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அம்மா அழுதுகொண்டே வந்தார். அவசரப் பிரிவில் நர்ஸ் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். 98. இன்னொரு விரல், 98. "ஸ்ட்ராப் தளர்வா இருந்திருக்கும் சார், கை வேற ஜில்லுன்னு இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் இது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். விரல் கிளிப்பில் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். மணிக்கட்டில் அப்படி ஊடுருவ வழியில்லை. தோலில் பட்டுத் திரும்பி வரும் கொஞ்ச ஒளியை வைத்துத்தான் வாட்ச் கணக்குப் போடுகிறது. ஸ்ட்ராப் தளர்ந்தாலும், கை அசைந்தாலும், குளிரில் ரத்த ஓட்டம் குறைந்தாலும், பச்சை குத்தியிருந்தாலும் கணக்கு தப்பும். பெட்டியில் வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். கண்ணுக்கே தெரியாத எழுத்தில், "மருத்துவப் பயன்பாட்டுக்கானது அல்ல" என்று இருந்தது. பெட்டியின் முகப்பில் இதயப் படமும் ஆக்சிஜன் எண்ணும் போட்டு விற்கத் தெரிகிறது, இந்த ஒரு வரியை அதே முகப்பில் போட மட்டும் மனம் வரவில்லையா? எழுபது வயது மனிதரை நடு இரவில் அலைக்கழித்தது அந்தப் பொடி எழுத்துதான்.

எனக்காவது ஒரு இரவோடு போயிற்று. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவைக் காட்டும் என்று சொல்லி வாட்ச் விற்கிறார்களே, அது உயிரோடு விளையாடுவது. அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது: தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்த ஸ்மார்ட்வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று. அந்தத் தப்பான எண்ணை நம்பி ஒருவர் இன்சுலினைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? தயவுசெய்து வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் இதை வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் தூக்க மதிப்பெண். பேட்டரி தாங்கிய நாட்களில் இரவிலும் கட்டிக்கொண்டே தூங்குவேன், எப்படித் தூங்கினேன் என்று காலையில் அது மதிப்பெண் போடும். நன்றாகத் தூங்கி எழுந்து உற்சாகமாக இருப்பேன். வாட்ச் 54 என்று காட்டும். அதைப் பார்த்த நொடியிலிருந்து சோர்வு வந்து ஒட்டிக்கொள்ளும், நாள் முழுக்கப் போகாது. தூக்கத்தின் நிலைகளைச் சரியாக அளக்க மூளை அலைகளைப் பதிவு செய்ய வேண்டும், தலையில் மின்முனைகள் ஒட்டித்தான் ஆய்வகத்தில் அதைச் செய்கிறார்கள். வாட்ச்சுக்குத் தெரிந்தது கை அசைந்ததா, நாடி எப்படித் துடித்தது என்பது மட்டும். மற்றது ஊகம். இந்த எண்களைத் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களைப் பார்த்த மருத்துவர்கள் 2017-ல் அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆய்வகப் பரிசோதனையில் தூக்கம் நன்றாக இருக்கிறது என்று காட்டினாலும், தங்கள் கருவி சொன்னதைத்தான் அவர்கள் நம்பினார்களாம். எனக்கு அது புரிகிறது. நானும் என் உடம்பு சொன்னதை விட்டுவிட்டு மணிக்கட்டு சொன்னதைத்தான் நம்பினேன்.

கலோரிக் கணக்கு அதைவிட மோசம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2017-ல் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஆறு கருவிகள் ஓரளவு சரியாகவே காட்டின. செலவான கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அதை நம்பித்தான் சாப்பாட்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி எடுத்து வைத்து நடக்க வேண்டும் என்கிறார்களே, அந்த எண் ஜப்பானில் 1965-ல் யமாசா என்ற நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. "மான்போ-கெய்" என்றால் பத்தாயிரம் அடி மானி. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி வயது 72 உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தபோது, நாளுக்குச் சுமார் 7,500 அடிக்கு மேல் பலன் கூடவில்லை. விற்பனைக்கு வைத்த ஓர் எண்ணுக்காக இரவு பத்தரை மணிக்கு வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்திருக்கிறேன். சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அரைமணி நேரம் நடந்தால் அதை மட்டும் எண்ணாது, ஏனென்றால் கை வீசவில்லை.

யாருக்குமே உதவாது என்று சொல்ல மாட்டேன். ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்கு ஜிபிஎஸ் தூரக் கணக்கு தேவை. தனியாக இருக்கும் வயதானவர் விழுந்தால் தகவல் சொல்லும் வசதிக்கு மதிப்பு உண்டு. சீரற்ற இதயத் துடிப்பு பற்றி மருத்துவர் சொல்லி, ஈசிஜி வசதி உள்ள நல்ல வாட்ச் வாங்குகிறீர்களா, வாங்குங்கள். அப்போதும் அது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்பது ஞாபகம் இருக்கட்டும், நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். என் கோபமெல்லாம் இப்படி ஒரு காரணமும் இல்லாத என்னைப் போன்றவர்கள் தலையில் இதைக் கட்டுவது பற்றித்தான்.

பேட்டரி தேறினாலும் கம்பெனி கைவிட்டால் கதை முடிந்தது. பெபிள் என்ற ஸ்மார்ட்வாட்ச்சை 2012-ல் மக்கள் காசு போட்டு உருவாக்க வைத்தார்கள். 2016-ல் ஃபிட்பிட் என்ற போட்டிக் கம்பெனி அதன் சொத்துகளை வாங்கியது, 2018 ஜூனில் சேவைகள் நின்றன. கையில் இருந்த வாட்ச் கெடவே இல்லை. அப்படியும் அதன் பாதி வசதிகள் ஒரே நாளில் போய்விட்டன.

நேற்று வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி டிராயரில் போட்டேன். முள் கடிகாரம் ஒன்று பழையது இருந்தது, பேட்டரி மாற்றிக் கட்டியிருக்கிறேன். அப்பாவுக்காக விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று. அந்த ஸ்மார்ட்வாட்ச்சை அலுவலகத்தில் ஒரு பையன் கேட்டான். கொடுக்கவில்லை. அவன் வீட்டிலும் ஒரு அப்பா இருக்கிறார்.