நாய்க்கு 140 மெசேஜ், வடிகாலுக்கு ஒரு கட்டைவிரல்

போன வாரம் எங்கள் குடியிருப்போர் சங்க வாட்ஸப் குழுவில் ஒரே இரவில் 140 மெசேஜ். விஷயம் வேறொன்றுமில்லை. ஏழாம் எண் வீட்டு நாய், பதினோராம் எண் வீட்டு கேட் முன்னால் காலைக்கடனை முடித்துவிட்டது. படம் எடுத்துப் போட்டிருந்தார்கள், இரண்டு கோணத்தில். எங்கள் நாய் அந்த நிறத்தில் போகாது என்று ஒரு மறுப்பு வந்தது. அதற்கு ஒரு மறுப்பு வந்தது. பதினொன்றரை மணிக்கு ஒருவர் பூங்கொத்துப் படம் போட்டு குட்நைட் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் திட்டு விழுந்தது.

அதே குழுவில் அதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு வேண்டுகோள் வந்திருந்தது. தெற்குத் தெரு மழைநீர் வடிகாலை மழைக்கு முன் தூர்வார வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேர் என்னோடு வந்து பார்க்க முடியுமா என்று. வந்த பதில் ஒரே ஒரு கட்டைவிரல். அதைப் போட்டவரும் ஆறு மாதமாக வெளியூரில் இருக்கிறார்.

கேட்டது நான்தான். அதனால் இந்தப் பதிவில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாய் விஷயம் அற்பம் என்று சொல்ல வரவில்லை. மிதித்தவருக்குத்தான் தெரியும். ஆனால் நாய்க்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், திட்டுவதற்கு ஆள் இருக்கிறது. வடிகாலுக்கு அப்படி யாருமில்லை. அது எல்லோருடையதும். அதைப் பற்றிக் கோபப்பட்டால் சுற்றிச் சுற்றி நம்மிடமே வந்து நிற்கும், அதனால் ஒருவரும் கோபப்படுவதில்லை.

இரண்டு வருடம் முன்னால் ஒரு ராத்திரி நல்ல மழை. தெற்குத் தெரு மூலை வீடு கொஞ்சம் பள்ளத்தில் இருக்கும். வாடகைக்கு ஒரு குடும்பம், கைக்குழந்தை வேறு. ஒரு மணிக்கு அந்த வீட்டு அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்து கட்டில் காலைத் தொட்டிருந்தது. நாங்கள் நாலு பேர் கடப்பாரையும் டார்ச்சுமாகப் போய் வடிகால் மூடியை நெம்பித் தூக்கினோம். உள்ளே குப்பை இருக்கும் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் கவர், இலை, ஒரு பெயின்ட் டப்பா எல்லாம் இருந்தன. அதை வாரிப் போட்ட பிறகும் தண்ணீர் இறங்கவில்லை. கையை விட்டுப் பார்த்தால் அடியில் வழவழவென்று கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. சிமென்ட். வீட்டு வேலை நடக்கும்போது கொத்தனார்களும் டைல்ஸ் ஒட்டுகிறவர்களும் சாந்துச் சட்டியையும் வாளியையும் கழுவி ஊற்றுவார்களே, அது போய்ப் போய் படிந்து, இறுகி, ஒரு தளமே போட்டு வைத்திருந்தது. ஒன்றரை அடி ஆழ வடிகாலில் மிச்சம் இருந்தது முக்கால் அடி. ஆழம் பாதியானால் ஓடும் தண்ணீரும் பாதியாகும் என்று கணக்குப் போடாதீர்கள். பக்கச் சுவரும் தரையும் உரசுகிற உரசலில் வேகமும் சேர்ந்து குறையும், பாதிக்கும் கீழே போய்விடும்.

அதற்கு முந்தைய வருடம் தெற்குத் தெருவில் நடந்த பெரிய டைல்ஸ் வேலை என் வீட்டில்தான் நடந்தது. பதினெட்டு நாள். தினமும் சாயங்காலம் அந்தப் பையன்கள் வாளி கழுவுவதை மாடியிலிருந்து பார்த்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு ராத்திரி கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நாய்க்கு அடுத்தபடி எங்கள் குழுவில் அதிகம் ஓடுவது 'சந்தேகத்துக்குரிய நபர்'. வாசல் கேமரா வந்த பிறகு இது தனித்தொழிலாகவே ஆகிவிட்டது. போன மாதம் ஒரு பெரியவர் இரவு 9.40-க்கு மூன்று வீட்டு கேட்டை உற்றுப் பார்த்துக்கொண்டே நடக்கும் வீடியோ வந்தது. கூடவே 'உஷார்' என்று ஐந்து சிவப்பு விளக்கு. ஒருவர் போலீஸுக்குச் சொல்லலாமா என்று கேட்டார். இன்னொருவர் போன வருடம் காணாமல் போன தன் சைக்கிளை இதோடு முடிச்சுப் போட்டார். கடைசியில் பார்த்தால், புதிதாகக் குடிவந்தவரின் அப்பா. மகன் வீட்டு எண்ணைத் தேடியிருக்கிறார். எண் ஏன் தெரியவில்லை? அந்த மூலையில் தெருவிளக்கு எரிந்து இரண்டு மாதம் ஆகிறது. வீடியோவுக்கு நூறு பேர் பதறினார்கள், பல்பு மாற்ற எவரும் பதறவில்லை. அந்தப் பெரியவரிடம் ஒரு ஸாரி கூடக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். இல்லை, அதுவும் இதே விஷயம்தான்.

இது எங்கள் குழுவின் வியாதி மட்டுமில்லை. அக்கம்பக்கத்தாருக்கென்றே நடத்தப்படும் நெக்ஸ்ட்டோர் என்ற அமெரிக்க வலைத்தளத்தில், கறுப்பின மனிதர் தெருவில் நடந்தாலே 'சந்தேக நபர்' என்று பதிவு போடுகிறார்கள் என 2015 வாக்கில் ஓக்லாந்து நகரத்து மக்கள் புகார் எழுப்பினார்கள். 2016-ல் அந்த நிறுவனம் பதிவுப் படிவத்தையே மாற்றியது. ஒருவரின் இனத்தைக் குறிப்பிட்டால் உடை, தலைமுடி, செருப்பு மாதிரி வேறு அடையாளங்களும் சொல்ல வேண்டும், அவர் என்ன செய்தார் என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பதிவு போகாது. இனத்தை மட்டும் வைத்துச் சந்தேகப்படும் பதிவுகள் சுமார் 75 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. நாலு கேள்வி கேட்டதும் பாதிப் பயம் போய்விடுகிறது. எங்கள் குழுவிலும் 'அவர் என்ன செய்தார்?' என்ற ஒரு கேள்வியை அட்மின் கட்டாயமாக்கினால் தேவலை. ஆனால் அட்மினுக்கே வீடியோ போடுவது பிடிக்கும்.

சரி, வடிகாலுக்கு வருகிறேன்.

அந்த மழைக்குப் பிறகு கூட்டத்தில் கொஞ்சம் சத்தம் போட்டேன். சங்கத்தில் சத்தம் போடுகிறவனுக்குத்தான் பதவி கிடைக்கும். பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன், சிங்கிங் ஃபண்டு, அதாவது பின்னால் வரும் பெரிய பழுதுகளுக்கென்று சேர்த்து வைக்கும் நிதி, என்ற ஒன்றே எங்களிடம் இல்லை. மாதாமாதம் வசூலாகும் மெயின்டெனன்ஸ் அந்தந்த மாதமே செக்யூரிட்டி சம்பளத்துக்கும் கரன்ட் பில்லுக்கும் போய்விடுகிறது. மோட்டார் என்றைக்காவது எரியும், சுற்றுச்சுவர் என்றைக்காவது விரிசல் விடும், தெருவுக்கு என்றைக்காவது தார் போட வேண்டியிருக்கும். தேதிதான் தெரியாது, செலவு நிச்சயம். அதற்காக மாதம் கொஞ்சம் ஒதுக்கலாம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் வைத்தேன். மொத்தம் 64 வீடு. கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக, குறைந்தது 22 பேர் வேண்டும். வந்தவர்கள் 17. விதிப்படி அரை மணி நேரம் தள்ளிவைத்து, அதே 17 பேரை வைத்துக் கூட்டம் நடந்தது. தீர்மானம் தோற்றது. "வீட்டை விற்றுவிட்டுப் போகப் போகிறேன், அடுத்தவன் போடப்போகிற தாருக்கு நான் ஏன் கட்டணும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரியே இருக்கும். ஆனால் அவர் வீட்டுக்கு முன்னால் தேய்ந்து கிடக்கிற தார் அவர் வண்டி தேய்த்தது.

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கட்டடம் ஞாபகம் வரும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மயாமிக்குப் பக்கத்தில் சர்ஃப்சைடு என்று ஒரு சின்ன கடற்கரை ஊர். அங்கே 1981-ல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு, சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத். 2021 ஜூன் 24, நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணி வாக்கில் அதன் ஒரு பெரிய பகுதி அப்படியே இறங்கிவிட்டது. 98 பேர் இறந்தார்கள். அங்கே 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளம் சரிவில்லாமல் மட்டமாகப் போடப்பட்டிருக்கிறது, தண்ணீர் வடியாமல் தேங்குகிறது, கசிவுத் தடுப்பு போய்விட்டது, அடியில் கான்கிரீட்டுக்குப் பெரிய சேதம் என்று. அப்புறம் நடந்தது நமக்கெல்லாம் தெரிந்த கதை. கூட்டம், வாக்குவாதம், மறுபடி கூட்டம். 2019-ல் நிர்வாகக் குழுவில் பெரும்பாலானவர்கள் ராஜினாமா. 2021 ஏப்ரலில் சங்கத் தலைவர் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் கடிதம் எழுதினார், சேதம் கூடிக்கொண்டே போகிறது என்று. செலவு அதற்குள் 1.5 கோடி டாலர் ஆகியிருந்தது. அதற்கான வசூல் ஜூலை 1-ல் தொடங்க இருந்தது. கட்டடம் ஒரு வாரம் முந்திக்கொண்டது. முதலில் சரிந்தது அந்த நீச்சல் குளத் தளம்தான்.

வடிவமைப்பே அன்றைய கட்டட விதிகளுக்குக் குறைவாக இருந்தது என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. ஆகவே எல்லாப் பழியையும் குடியிருந்தவர்கள் தலையில் போட முடியாது. ஆனால் ஃபுளோரிடாவில் அதுவரை ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்காரர்கள் பெரும்பான்மை ஓட்டுப் போட்டால் இருப்பு நிதியே சேர்க்காமல் விட்டுவிடலாம். விபத்துக்கு அடுத்த வருடம், 2022-ல், சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளில் கட்டடத்தின் உறுதிக்கான நிதியை இனி ஓட்டுப் போட்டு அடியோடு கைவிட முடியாது என்றார்கள்.

எங்களுடையது தனித்தனி வீடுகள், இடிந்து விழ அடுக்குமாடி இல்லை. ஆனால் அந்தப் பொதுக்குழுவில் அந்த 17 பேர் பேசிய பேச்சுக்கும் அங்கே பேசியிருக்கக்கூடிய பேச்சுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றுதான் தோன்றுகிறது.

கூட்டத்தில் இன்னொரு கேள்வியும் வந்தது. பின்வரிசையிலிருந்து, எப்போதும் எதுவும் பேசாத ஒருவர். "சார், முதல்ல போன வருஷக் கணக்கைக் காட்டுங்க. அப்புறம் புதுசா கேளுங்க." எனக்குச் சுர்ரென்று வந்தது. ஓசியில் உழைக்கிறேன், என்னைத் திருடன் என்கிறாரா? வீட்டுக்குப் போய் மனைவியிடம் அரை மணி நேரம் புலம்பினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காட்டினீங்களா?" என்றார்.

காட்டவில்லை. பதினோரு மாதமாகக் காட்டவில்லை. எக்செல்லில் இருந்தது, என் லேப்டாப்பில். யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை. ஒரு பைசா கையாடவில்லை என்பது எனக்குத் தெரியும். மற்ற 63 வீட்டுக்கு அது எப்படித் தெரியும்?

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் நம் ஆட்களுக்குப் பெருமை பொங்கும். கி.பி. 920 வாக்கில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்திலேயே குடவோலை, தேர்தல் என்று வருடத்துக்கு ஒரு முறையாவது எங்கள் குழுவிலேயே ஃபார்வர்டு வரும். அனுப்புகிறவர்கள் பானையோடும் ஓலையோடும் நின்றுவிடுகிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது தகுதிப் பட்டியல். வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில், உட்கார வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும், கடந்த மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வரவே முடியாது. அவர் மட்டுமில்லை, அவருடைய அப்பா, பிள்ளை, மாமன், மாமனார், மைத்துனன் என்று நீளமாக ஒரு பட்டியலே போட்டு அத்தனை பேருக்கும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அந்த விதியை இன்றைக்கு அமல்படுத்தினால் என் மச்சான் கூட இந்தச் சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

பொற்காலம் என்று சொல்லவில்லை. அது பிராமணர்கள் மட்டும் உட்கார்ந்த சபை, வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில் உண்டு. வீடு இருப்பவனுக்கே பேச்சு என்ற அந்தப் புத்தி நம் சங்க விதிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூலை வீட்டு அக்கா வாடகைதாரர் என்பதால் எங்கள் பொதுக்குழுவில் அவருக்கு ஓட்டு இல்லை. அந்த வீட்டுக்கு ஓட்டு வைத்திருப்பவர் வெளியூரில் இருக்கிறார். கட்டைவிரல் போட்டாரே, அவர்தான். தண்ணீர் யார் கட்டிலைத் தொட்டதோ அவருக்கு ஓட்டில்லை, தொடாதவருக்கு இருக்கிறது. இதை மாற்றச் சொல்லி அடுத்த பொதுக்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோரம் சேருமா தெரியாது.

கணக்கை மட்டும் போன மாதத்திலிருந்து போட ஆரம்பித்துவிட்டேன். குழுவில் இல்லை, அங்கே போட்டால் நாய்க்கு அடியில் புதைந்துவிடும். ஏ4 தாளில் அச்செடுத்து, கேட் பக்கத்தில் செக்யூரிட்டி அறைச் சுவரில், வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். முதல் மூன்று நாள் யாரும் நின்று பார்க்கவில்லை. நாலாவது நாள் யாரோ நீலப் பேனாவால் 'இதர செலவுகள்' என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "இது என்ன?" என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்து பின்வரிசைக்காரருடையது என்று செக்யூரிட்டி அண்ணன் சொன்னார்.

பில்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். லேப்டாப் பையில் இல்லை, கார் டாஷ்போர்டிலும் இல்லை.